புல்வாருக்கு உள்ளே, புல்வாருக்கு வெளியே

எங்கள் வீட்டில் "டவுனுக்குப் போகிறேன்" என்று யாரும் சொன்னதில்லை. "புல்வாருக்குள்ளே போயிட்டு வர்றேன்" என்பார் அப்பா. நாங்கள் முத்தியால்பேட்டைக்காரர்கள். புதுச்சேரியைச் சுற்றி முட்டை வடிவத்தில் போகும் அந்தச் சாலையைத் தாண்டினால்தான் எங்களுக்குப் பட்டணம். தாண்டாதவரை நாங்கள் "வெளியே". பள்ளிக்கூடம் உள்ளே. பெரிய மார்க்கெட் உள்ளே. ஆஸ்பத்திரி உள்ளே. நொத்தேர் உள்ளே. கடல்கூட உள்ளே இருப்பதாகத்தான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இளைய வாசகர்களுக்குப் புல்வார் என்றால் எது என்று சொல்லிவிடுகிறேன். வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. கிழக்கே கடற்கரையில் குபேர் சாலை. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் கூர் ஷப்ரோல் என்றார்கள். இந்த நான்கையும் சேர்த்தால் ஒரு வளையம். இன்றைக்கு ரிங் ரோடு என்கிறோமே, அதுதான். ஆனால் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பதற்காகப் போட்ட ரோடு அல்ல இது. எப்படி வந்தது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் சொற்களின் பூர்வீகத்தில் பிரியம் உள்ளவர். ஒரு நாள் 'புல்வார்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இது பிரெஞ்சுச் சொல்லே இல்லை என்றார். ஒல்லாந்தர் மொழியில் 'போல்வெர்க்' என்று ஒரு சொல் உண்டு. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டும் அரண் என்று பொருள். அது பிரெஞ்சில் நுழைந்து, கோட்டைக் கொத்தளத்துக்குப் பெயராயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னன் பாரிஸின் பழைய மதிலை இடிக்கச் சொன்னான். இடித்த இடத்தில் மரம் நட்டு அகலமான சாலை போட்டார்கள். மதில் போனாலும் அதன் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே புல்வார் என்றால் முதலில் மதில், பிறகுதான் சாலை என்றார். நாங்கள் வீட்டுக்குப் போகும்போது அஜந்தா தியேட்டர் பக்கம் நின்று மதில் எங்கே என்று பார்த்தோம். சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும்தான் போய்க்கொண்டிருந்தன.

மதில் இருந்தது. அந்தக் கதை 1693இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஆறு ஆண்டுகள்தான் வைத்திருந்தார்கள். ஆனால் தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் வகுக்கும் வரைபடத்தைப் போட்டவர்கள் அவர்களே. 1697இல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பி வந்தது. 1699இல் பிரான்சுவா மர்த்தேன் மறுபடியும் வந்து சேர்ந்தார். இன்றைய பாரதி பூங்கா இருக்கும் பக்கத்தில் லூயி கோட்டை எழுந்தது. மர்த்தேன் 1706ஆம் ஆண்டின் கடைசி நாளில் காலமானார். அவருக்குப் பின்வந்த கவர்னர்கள் காலத்தில் கோட்டையைச் சுற்றி வளர்ந்த பட்டணம் முழுவதற்கும் மதில் வந்தது. துய்ப்ளெக்ஸ் காலத்தில் கடல் பக்கமும் அடைபட்டது.

அந்த மதிலுக்கு வாசல்கள் இருந்தன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு அவை பழக்கமானவை. வடக்கே சென்னைப்பட்டணத்து வாசல், வடமேற்கே வழுதாவூர் வாசல், மேற்கே வில்லியநல்லூர் வாசல், தெற்கே கூடலூர் வாசல். எந்த வாசல் எந்நேரம் திறந்தது, யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய சமாச்சாரம். வாசல்கள் இன்றைக்கு இல்லை. ஆனால் வழுதாவூர் சாலை, வில்லியனூர் சாலை, கடலூர் சாலை என்று நாம் இப்போதும் சொல்கிறோம். சாலை அந்த ஊருக்குப் போவதால் வந்த பெயர்தான். ஆனால் அந்தச் சாலை பட்டணத்தை விட்டு வெளியேறிய இடத்தில் ஒரு கதவு இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

மதிலோடு முடியவில்லை. மதிலுக்கு வெகு தூரம் வெளியே, கப்பியும் கள்ளியும் முட்புதர்களுமாக வளர்த்த ஒரு வேலி ஊரை அரைவட்டமாக வளைத்துப் போனது. இடையிடையே சிறு காவல் அரண்கள். குதிரைப் படை உள்ளே வரமுடியாதபடி செய்த ஏற்பாடு. ஆகப் புதுச்சேரிக்கு அந்தக் காலத்திலேயே இரண்டு வளையங்கள்: உள்ளே கல் மதில், வெளியே முள்வேலி. இரண்டுக்கும் நடுவில் தோப்பு, துரவு, பேட்டைகள்.

1748இல் இந்த ஏற்பாடு வேலை செய்தது. பொஸ்கவென் என்ற ஆங்கிலத் தளபதி பெரிய கப்பற்படையோடு வந்து ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை முற்றுகை இட்டுப் பார்த்தார். அரியாங்குப்பத்திலேயே நாள் போயிற்று. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்.

1760இல் வேலை செய்யவில்லை. இந்த முறை வந்தவர் ஐர் கூட். இந்தப் பக்கம் தளபதி லல்லி. செப்டம்பரில் ஆங்கிலேயர் முள்வேலியைப் பிடித்துக்கொண்டு, மதிலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்குள் தானியம் குறைந்துகொண்டே வந்தது. நவம்பர் கடைசியில் லல்லி ஓர் உத்தரவு போட்டார். படைக்கு உதவாத உள்ளூர் ஜனங்களை மதிலுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 1,400 பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று ஆங்கிலேயர் பக்கத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். வெளியே போனவர்களை ஆங்கிலேயர் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு ஊர்க் கதவு திறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் மதிலுக்கும் வேலிக்கும் நடுவில் புல் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு அலைந்தார்கள். கடைசியில் கூட் மனம் இரங்கி வழிவிட்டார்.

இந்தப் பக்கத்தை முதலில் படித்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஜனங்கள் யார்? பட்டணத்தைக் கட்டியவர்கள், துணி நெய்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள். மதில் தங்களைக் காப்பாற்றும் என்று உள்ளே குடியிருந்தவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் அலைந்த திசையில்தான் என் முன்னோர் பின்னாளில் வீடு கட்டினார்கள்.

1761 ஜனவரி 16இல் ஊர் சரணடைந்தது. அதற்கு நான்கு நாட்கள் முன்பு, 12ஆம் தேதி, ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோனார். பட்டணம் விழுவதை அவர் பார்க்கவில்லை என்பது ஒரு விதத்தில் ஆறுதல். 1758இல் லல்லி கடலூர் பக்கத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார். அதற்குப் பழி தீர்ப்பதுபோல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தார்கள். கோட்டை, மதில், மாளிகை எதையும் விடவில்லை. லல்லியின் தலை 1766இல் பாரிஸில் வெட்டப்பட்டது.

1763 உடன்படிக்கைப்படி ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்களுக்கு வந்தது. 1765இல் கவர்னர் ழான் லோ வந்து பார்த்தபோது இருந்தது கல் குவியல். ஆனால் பழைய அஸ்திவாரங்கள் மண்ணுக்கடியில் இருந்தன. அவற்றின் மேலேயே ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஐந்தே மாதத்தில் ஐரோப்பியர் வீடுகள் 200, தமிழர் வீடுகள் 2,000 எழுந்தன என்று கணக்குச் சொல்வார்கள். வெளியேறியவர்கள் திரும்பி வந்திருந்தால்தானே இது நடந்திருக்கும்? கதவைச் சாத்திய ஊருக்குத் திரும்பி வந்து கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

மதிலையும் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பூர்சே என்ற எஞ்சினீயர் புதிய திட்டம் போட்டார். அது முழுமை பெறுவதற்குள் 1778இல் மறுபடி போர். இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டு ஊர் விழுந்தது. அரண்கள் மறுபடியும் இடிபட்டன. 1793இல் இன்னொரு முறை பிடிபட்டது. கடைசியாக 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் ஊரைத் திருப்பித் தர ஆங்கிலேயர் சம்மதித்தார்கள். 1816 டிசம்பரில் கைமாறியது. அந்த உடன்படிக்கையின் பன்னிரண்டாம் ஷரத்தை எல்லாப் புதுச்சேரிக்காரர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் ஊர்களில் பிரான்ஸ் எந்த அரணும் கட்டக்கூடாது. போலீஸ் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது.

நம்முடைய புல்வாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இந்த ஷரத்துதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மதில் இருந்த தடம் ஊரைச் சுற்றி அப்படியே கிடந்தது. மதில் எழுப்ப அனுமதி இல்லை. வெறும் மேட்டையும் பள்ளத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மண்ணை நிரவி, மரம் நட்டு, சாலையாக்கினார்கள். பாரிஸில் ஜெயித்த மன்னன் எதிரி இனி வரமாட்டான் என்ற தெம்பில் மதிலை இடித்துப் புல்வார் போட்டான். இங்கே தோற்றதால் புல்வார் வந்தது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. எண்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழும். பிரெஞ்சு படித்த குமாஸ்தாக்கள் குறைந்துகொண்டிருந்த காலம். மேற்குப் புல்வாருக்கு வெளியே குடியிருந்த ஒரு விதவைத் தாயார், தன் மாமனார் காலத்து நொத்தேர் பத்திரத்தைக் கொண்டுவந்தார். மனையைப் பாகம் பிரிப்பதில் தகராறு. எல்லைகளைத் தமிழில் எழுதித் தரவேண்டும். கிழக்கு எல்லையில் 'பழைய கிளாசி' என்று இருந்தது. கிளாசி என்றால் என்ன? எனக்குத் தெரிந்தது 'கிளாஸ்', அதாவது பனிக்கட்டி, கண்ணாடி. ஊரில் அந்த இடத்தில் ஐஸ் பாக்டரியும் இல்லை, கண்ணாடிக் கடையும் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்ற கௌரவம் தடுத்தது. "இந்தச் சொல் தெளிவாக இல்லை" என்று எழுதிவிட்டேன்.

ஒரு சொல் தெளிவாக இல்லை என்றால் கோப்பு என்ன ஆகும் என்பது அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரும்பி வந்தது. மறுபடி போனது. அந்த அம்மாள் வாரா வாரம் வந்து பெஞ்சில் உட்காருவார். "என்ன தம்பி, இன்னும் வரலியா?" என்பார். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பேன். நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு நாள், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஒரு நொத்தேரிடம் ரொம்ப காலம் எழுத்தராக இருந்தவர், பென்ஷன் விஷயமாக வந்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "முசியே, கிளாசி என்றால் என்ன?" அவர் சிரித்துவிட்டார். "புல்வார்னா மதில்னு தெரியுமில்ல? மதில் இருந்தா அதுக்கு வெளியே சரிவா ஒரு வெட்டவெளி விடணும். எதிரி ஒளிய இடம் இருக்கக்கூடாது. அங்கே வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அந்தச் சரிவுதான் கிளாசி. மதில் போனப்புறம் அது சும்மா கிடந்த நிலம். அந்த அம்மா வீட்டுக்குக் கிழக்கே புல்வார் ஓரம்னு அர்த்தம்" என்றார்.

இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. மறுவாரம் அந்த அம்மாள் வந்தபோது, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க புல்வாருக்கு வெளியே இருக்கிறவங்க தம்பி. எங்க காயிதம் மெதுவாத்தான் நகரும்" என்றார். நானும் புல்வாருக்கு வெளியே பிறந்தவன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் நானும் வாசல் காவல்காரன் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

அதன் பிறகுதான் இந்தச் சாலையின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இடம் தேவைப்பட்டவை எல்லாம் புல்வாருக்கு வெளியே வந்திருப்பதைக் கவனித்தேன். 1826இல் உருவான தாவரவியல் பூங்கா, 1879இல் ரயில் வந்தபோது கட்டிய ஸ்டேஷன், உப்பளம் கல்லறை, முதலியார்பேட்டை ஆலைகள். ஆலைகளில் உழைத்தவர்களும் வெளியே இருந்தவர்கள்தான். 1936 ஜூலை 30இல் வேலை நேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தப் போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையாவின் பெயரைத்தான் தெற்குப் புல்வார் இன்று தாங்கியிருக்கிறது. பட்டேல், அண்ணா, சுப்பையா, குபேர் என்று காங்கிரஸ், தி.மு.க., கம்யூனிஸ்டு, பிரெஞ்சுக்காரர் பக்கம் இருந்து 1954இல் இணைப்புக்குத் திரும்பியவர், நால்வரும் ஒரே வளையத்தில் கைகோத்து நிற்கிறார்கள். நேரில் இப்படி நிற்கவைக்க யாராலும் முடிந்திருக்காது!

பல ஆண்டுகளுக்கு முன் பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் அங்கே உண்டு. பாரிஸைச் சுற்றி 'பெரிஃபெரிக்' என்று ஒரு பெரும் சாலை ஓடுகிறது. 35 கிலோமீட்டர் நீளம். 1841க்கும் 1844க்கும் இடையில் தியேர் என்பவர் காலத்தில் கட்டிய மதிலை முதல் உலகப் போருக்குப் பிறகு இடித்தார்கள். அந்தத் தடத்தை ஒட்டிப் போட்டு, 1973இல் முடித்த சாலை அது. காரில் அதைக் கடக்கும்போது "மாமா, இப்ப நாம உள்ளே வந்துட்டோம்" என்றான் பையன். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடித்து எத்தனையோ வருஷம் ஆகியும் அங்கே சாலை சந்திப்புகளுக்கு இன்னும் 'போர்த்', அதாவது வாசல், என்றுதான் பெயர். முத்தியால்பேட்டையில் அப்பா சொன்ன அதே வார்த்தையைப் பாரிஸில் பிறந்த பிள்ளை சொல்கிறான்.

இப்போது நம் ஊரும் வெளியே வளர்ந்துவிட்டது. இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை, நூறு அடி சாலை என்று அடுத்த வளையம் வந்தாயிற்று. பேருந்து நிலையம் புல்வாருக்கு வெளியே. ஜனங்களில் பெரும்பாலோர் வெளியே. ஆனால் புதுச்சேரியைப் படம் எடுக்க வருகிறவர்கள் உள்ளேயே, அதிலும் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தச் சுவர்களும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சரித்திரம் அங்கே மட்டும் இல்லை. அண்ணா சாலையில் சிக்னலுக்கு நிற்கிறீர்களே, அதுவும் சரித்திரம்தான்.

இப்போதும் முழங்கால் இடம் கொடுக்கும் நாட்களில் விடியற்காலையில் புல்வாரை ஒரு சுற்று நடக்கிறேன். ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வில்லியநல்லூர் வாசல் இருந்திருக்கக்கூடிய திசையில், மேற்குப் பக்கம், ஒரு டீக்கடையில் உட்காருவேன். அந்த 1,400 பேருக்கு ஊரில் ஒரு கல்வெட்டு கிடையாது. துய்ப்ளெக்ஸுக்குச் சிலை இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் இந்தச் சாலையில் எங்காவது ஓரிடத்தில், "மதில் இங்கே இருந்தது, 1760இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 1,400 பேர்" என்று தமிழில் ஒரு சிறு பலகை வைத்தால் செலவு அதிகம் ஆகாது. இரண்டு வரி போதும்.

உங்கள் வீடுகளிலும் பழைய நொத்தேர் பத்திரங்கள் இருக்கும். பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிளாசி, ராம்பார் என்று எங்காவது கண்ணில் பட்டால், உங்கள் மனை மதில் ஓரத்து மனை. பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். சொல் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் யாரையாவது கேளுங்கள். நான் கேட்காததற்கு ஓர் அம்மாள் நான்கு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.